அசெம்பிள்டு பெட்டியும் அப்டேட் வரலாறும்

சர்வர்னா யாருன்னு எங்க திருவண்ணாமலையில கேட்டா, தேரடி வீதி ஓட்டல்ல இட்லி வைக்கிறவரைத்தான் இன்னிக்கும் கைகாட்டுவாங்க. "சர்வர் சுந்தரம்" (1964) செஞ்ச வேலை அது. நான் பேசப்போறது இன்னொரு சர்வர். கடையில பார்ட்ஸ் வாங்கி வீட்டிலேயே பூட்டின பெட்டியில ஓடுற சர்வர். அதுல ஓஎஸ் போடுறது அரை நாள் வேலைதான் மக்களே. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா அப்டேட் பண்றது இருக்கே, அதுக்குத்தான் ஒரு வரலாறே இருக்கு.

இப்ப வர்ற பசங்களுக்கு (நானும் கிட்டத்தட்ட அந்தக் கேஸ்தான்) ஐஎஸ்ஓ இறக்கறதுன்னா டீ குடிக்கிற நேரம். 2000 வாக்கில அப்படி இல்ல. சென்னை ரிச்சி தெருவுல போர்டு, ராம், கேபினெட் வாங்கி பஸ்ல மடியில வெச்சுக் கொண்டாந்துடலாம். ஓஎஸ்ஸுக்கு எங்க போறது? 56கே மோடம்ல நல்ல நாள்லயே நொடிக்கு 5 கிலோபைட்தான் வரும். 650 எம்பி சிடி ஒண்ணு இறங்க 37 மணி நேரம், அதுவும் லைன் கட் ஆகாம இருந்தா. 2005 ஜூன்ல வந்த டெபியன் சார்ஜ் மொத்தம் 14 சிடி. கணக்குப் போட்டுப் பார்த்தா மூணு வாரத்துக்கு வீட்டு போன் எங்கேஜ்டு! அதனால பிசி குவெஸ்ட், 2003-ல வந்த லினக்ஸ் ஃபார் யூ மாதிரி பத்திரிகைகளோட வர்ற சிடிதான் வெளியூர்க்காரங்களுக்குக் கதி. பத்திரிகையைப் படிச்சாங்களோ இல்லையோ, சிடியைப் பத்திரமா வெச்சிருந்தாங்க. பிறகு கனோனிக்கல் கம்பெனி உபுண்டு சிடியை உலகம் பூரா இலவசமாத் தபால்ல அனுப்புச்சு. 2011 ஏப்ரல்ல அதையும் நிறுத்திட்டாங்க.

இன்ஸ்டால் ஆயிடுச்சு. அடுத்த வில்லன் மின்சாரம். அந்தக்கால லினக்ஸ்ல இருந்த எக்ஸ்ட்2 ஃபைல் சிஸ்டம், கரண்ட் போய் வந்தா டிஸ்க் முழுசையும் தடவிப் பார்க்கும். பெரிய டிஸ்க்னா அது முடியறதுக்குள்ள அடுத்த கட் வந்துடும். 2001 அக்டோபர்ல ரெட் ஹேட் 7.2, எக்ஸ்ட்3-யை இயல்பாவே கொடுத்தது. செய்யப்போற மாற்றத்தை முதல்ல ஒரு குறிப்பேட்டுல எழுதிட்டு அப்புறம் செய்யற முறை. கரண்ட் வந்ததும் குறிப்பேட்டை மட்டும் பார்த்தாப் போதும். 2012-ல தமிழ்நாடு பட்ட பாடு உங்களுக்கே ஞாபகம் இருக்கும். எக்ஸ்ட்3 இல்லாம யாரும் வீட்டுல சர்வர் வெச்சு அந்த வருஷத்தைத் தாண்டியிருக்க முடியாதுங்கறது என் கட்சி.

சரி, எதுக்கு அப்டேட்? ஓடுறது ஓடட்டுமேன்னு விட்டா என்ன? 2001 ஜனவரியில ராமென்னு ஒரு புழு கிளம்புச்சு. ரெட் ஹேட் 6.2, 7.0 பெட்டிகளைத் தேடித்தேடிப் புகுந்து, வலைப்பக்கத்தை மாத்தி நூடுல்ஸ் புகழ் பாடிட்டுப் போச்சு. அது நுழைஞ்ச ஓட்டைகளுக்குத் திருத்தம் பல மாசம் முன்னாடியே வந்தாச்சு, போட்டவங்கதான் இல்ல. இதுல தமாஷ் என்னன்னா, உள்ளே வந்ததும் அந்தப் புழுவே தான் வந்த ஓட்டையை அடைச்சுடும். திருடன் வந்து தாழ்ப்பாள் போட்டுட்டுப் போன மாதிரி :-)

அப்டேட்டே ஆப்பு வெச்ச கதையும் உண்டு. டெபியன்ல ஓப்பன்எஸ்எஸ்எல் நிரல்ல 2006-ல யாரோ நல்ல எண்ணத்துல சுத்தம் பண்ணப்போய், ரகசியச் சாவி உருவாக்கறதுல இருந்த தற்செயல் தன்மையே போயிடுச்சு. ஒரு வகை, ஒரு நீளத்துல மொத்தமே 32,767 சாவிகள்தான் பிறக்கும். 2008 மே மாசம்தான் வெளிய தெரிஞ்சது. உலகம் பூரா சாவியை மாத்தினாங்க.

1999 மார்ச்ல டெபியன் 2.1-ஓட வந்த ஆப்ட் இந்த வேலையையே வேற மாதிரி ஆக்கிடுச்சு. அதுக்கு முன்னாடி ஒரு பொதியைப் போட்டா அது இன்னொண்ணைக் கேட்கும், அது மூணாவதைக் கேட்கும். ஆப்ட் எல்லாத்தையும் தானே தேடி, வரிசைப்படி போட்டுடும். நடுவுல கரண்ட் போனாலும், விட்ட இடத்துலேர்ந்து தொடரச் சொல்ல ஒரு கட்டளை இருக்கு. 2005 ஜனவரியில பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தப்ப 256 கிலோபிட் வேகத்துல ஒரு சிடி 6 மணி நேரம் ஆச்சு. பிற்பாடு ராத்திரி 2 முதல் காலை 8 வரை கணக்கில்லாம இறக்கிக்கலாம்னு திட்டம் வந்ததும், நம்மாளுங்க கிரான் வெச்சு 2 மணிக்கு அப்டேட்டை எழுப்பிவிட்டுட்டுத் தூங்கினாங்க.

பெரிய வெர்ஷன் மாத்தறதுதான் வயித்தைக் கலக்கும். அதுக்கு எங்க ஊர்ல ரொம்பப் பழைய வழிமுறை ஒண்ணு இருக்கு: பாலாலயம். கோபுரத் திருப்பணி தொடங்கறதுக்கு முன்னாடி, சாமியோட சக்தியைக் கும்பத்துக்கோ படத்துக்கோ மாத்தி ஒரு சின்ன இடத்துல வெச்சு பூஜையைத் தொடர்வாங்க. வேலையெல்லாம் முடிஞ்சு கும்பாபிஷேகத்தன்னிக்கு திரும்ப மூலஸ்தானத்துக்கு. அருணாசலேஸ்வரர் கோயில்ல கடைசியா 2017 பிப்ரவரி 6-ல கும்பாபிஷேகம் நடந்தது. டேட்டாவை இன்னொரு பெட்டிக்கு மாத்தி, சேவையை அங்கிருந்து ஓட்டி, மூலப் பெட்டியை நிதானமா மாத்தறதும் இதே வரிசைதான். ஆபீஸ்ல இதை மைக்ரேஷன்னு சொல்லி மூணு மீட்டிங் போடுவோம்.

நிற்க. இதெல்லாம் யாரை நம்பி? ரெட் ஹேட் 9 வந்தது 2003 மார்ச் 31. ஆதரவு 2004 ஏப்ரல் 30-ஓட முடிஞ்சது. பத்திரிகை சிடி போட்டவங்க, இனி காசு கட்டி எண்டர்பிரைஸுக்குப் போ, இல்ல ஃபெடோராவுக்குப் போன்னு தெருவுல நின்னாங்க. அப்ப கைகொடுத்தது சென்ட்ஓஎஸ். அதே சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 மே வரைக்கும்னு சொல்லியிருந்த தேதியை, 2020 டிசம்பர் 8-ல ஒரே அறிவிப்பில 2021 டிசம்பர் 31-ன்னு வெட்டினாங்க. அண்ணன் சென்ட்ஓஎஸ் 7 மட்டும் 2024 ஜூன் 30 வரை இருந்தான், தம்பி முன்னாடியே போய்ச் சேர்ந்தான். ராக்கி, அல்மா ரெண்டும் 2021-ல அந்தக் கோபத்துலேர்ந்து பிறந்ததுதான். இலவசமாத்தானே கொடுத்தான்னு சிலர் கேட்கறாங்க. தேதியை நம்பி பத்து வருஷத் திட்டம் போட்டவனுக்கு அது பதிலா?

டெபியன் தேதி விஷயத்துல நாணயம். ஆனா அங்கயும் எனக்கு ஒரு பிரச்சினை வந்திருக்கு. எங்க வீட்டுப் பரண்ல இருக்கறது சித்தப்பாவோட பிரௌசிங் சென்டர்லேர்ந்து வந்த பென்டியம் 4. 32 பிட். குடும்பப் புகைப்படம் மொத்தமும் அதுலதான். 2025 ஆகஸ்ட் 9-ல வந்த டெபியன் 13-ல 32 பிட் இன்டெல்லுக்கு இன்ஸ்டாலரும் கிடையாது, கெர்னலும் கிடையாது. 64 பிட் சிப்பு மேல பழைய 32 பிட் புரோகிராம் ஓட்டிக்கலாம், அவ்வளவுதான். டெபியன் 12-க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் 30 வரைக்கும்.

ராஸ்பெர்ரி பை வாங்கிடு, கரண்ட் பில்லாவது குறையும்னு நண்பன் சொல்றான். நியாயம்தான். ஆனா கேபினெட், டிஸ்க், எஸ்எம்பிஎஸ் எல்லாம் நல்லா இருக்கறப்ப போர்டை மட்டும் மாத்தறதுதான் அசெம்பிள்டு பெட்டியோட மொத்த அழகே. அடுத்த தடவை ரிச்சி தெருப் பக்கம் போறப்ப ஒரு பழைய 64 பிட் போர்டு பார்க்கணும். புகைப்படமெல்லாம் இப்போதைக்குத் தங்கச்சியோட லேப்டாப்ல பாலாலயத்துல இருக்கு.