கம்பளி: போர்வை இழையான கதை

டெக்சாஸின் காப்பெல் நகரத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கம்பளியைத் தெரிவதற்கு முன்பே கம்பளிப்பூச்சியைத் தெரிந்துவிடுகிறது. வார இறுதித் தமிழ் வகுப்பில் பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியைப் படிக்கும்போது அந்தச் சொல் வந்துவிடும். வீட்டில் குளிருக்குப் போர்த்துவது ‘பிளாங்கெட்’, மாட்டுவது ‘ஸ்வெட்டர்’. பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பிள்ளைக்கு அந்தப் புழு ‘கொங்களி புருகு’, கன்னடப் பிள்ளைக்குக் ‘கம்பளி ஹுளு’. மூன்று மொழிக்காரர்களும் புழுவின் மேல் பார்த்தது ஆட்டு மயிரால் நெய்த அதே முரட்டுப் போர்வையைத்தான்.

போர்வை என்று சொல்வதில் காரணம் இருக்கிறது. கம்பளி முதலில் இழையின் பெயரன்று, நெய்து முடித்த பொருளின் பெயர். வடமொழியில் ‘கம்பல’ என்னும் சொல் அதர்வவேதத்திலேயே இருக்கிறது. அங்கேயும் அது போர்வைதான். புத்தர் காலத்துச் சிந்தனையாளர் அஜித கேசகம்பளியின் பெயருக்கே மயிர்க்கம்பளம் உடுத்தவர் என்று பொருள். தமிழில் அந்தச் சொல் பின்னர் இரண்டாகப் பிரிந்தது. தரையில் விரிப்பது கம்பளம், உடம்பில் போர்த்துவது கம்பளி.

அப்படியானால் இழையை நம்மவர்கள் எப்படிக் குறித்தார்கள்? மயிர் என்றுதான். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரை அறுவை வீதியின் துணிகளைச் சொல்லும்போது பருத்தி நூலையும் பட்டையும் மயிரையும் ஒரே வரிசையில் வைக்கிறது. சீவகசிந்தாமணியில் நெருப்பைத் தின்னும் செவ்வெலியின் மயிரால் ஆன கம்பலம் ஒன்று வருகிறது. எலி கற்பனையாக இருக்கலாம். ஆனால் மயிர்த்துணி சட்டென்று தீப்பிடிக்காது என்ற செய்தி மெய். ஆட்டுமயிர் பற்றிக்கொள்ள 570 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும், நெருப்பை விலக்கினால் தானாகவே அணைந்துவிடும். பிற்காலத்தில் மயிர் என்ற சொல் வசைக்குப் போய்விட்டது. சபையில் சொல்ல முடியாத அந்தச் சொல்லின் இடத்தைப் போர்வையின் பெயர் நிரப்பியது என்பது என் கணிப்பு. கம்பளி நூல், கம்பளி ஆடை, கம்பளிக் குல்லா எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

தமிழ்நாட்டில் இழைக்கென்று தனிச்சொல் ஊன்றாததற்கு ஆடுகளும் காரணம். மேச்சேரி, இராமநாதபுரம் வெள்ளை, மெட்ராஸ் ரெட் என நம் செம்மறிகளில் பெரும்பாலானவை குட்டை முடி ஆடுகள், கறிக்காக வளர்ப்பவை. கத்தரித்து நூற்கும் அளவுக்கு மயிர் தருபவை கோயம்புத்தூர்க் குறும்பை, திருச்சி கருப்பு, நீலகிரி போன்ற சிலவே. நீலகிரி இனத்தில் மெரினோ கலப்பு உண்டு. உதகைக்கு அருகே சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அதைக் காத்து வருகிறார்கள். தக்காணத்திலோ குறும்பர் என்னும் மேய்ப்பர் குலத்தார் கத்தரித்து, நூற்று, பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போட்டுக் குழித்தறியில் நெய்த கருங்கம்பளி மேய்ப்பனுக்கு வீடும் குடையுமாக இருந்தது. மழையில் நனைந்தாலும் உள்ளே சூடு குறையாத அந்தத் துணியைச் செய்தவர்கள் இழையின் குணத்தை எந்த ஆய்வுக்கூடத்துக்கும் முன்பே அறிந்திருந்தார்கள். அவர்களுக்கு நாம் உரிய இடம் கொடுக்கவே இல்லை.

அந்தக் குணத்தைச் சற்று விளக்க வேண்டும். ஆட்டுமயிர், நம் முடியையும் நகத்தையும் போல, கெரட்டின் என்னும் புரதம். இழை சுருள்சுருளாக இருப்பதால் இடையிடையே காற்று தங்குகிறது. சூட்டைக் காப்பது அந்தக் காற்றுதான். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டாலும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது, ஈரத்தை இழுக்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். இழையின் மேலே மீன் செதில் போன்ற அடுக்குகள் உண்டு. வெந்நீரில் போட்டு அலசினால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பெரியவர் ஸ்வெட்டர் டிரையரில் இருந்து குழந்தை அளவுக்குச் சுருங்கி வெளியே வருவது அதனால்தான்.

“கம்பளி அரிக்கும், எனக்கு ஒத்துக்கொள்ளாது” என்று ஒதுக்குகிறவர்கள் பலர். பெரும்பாலும் அது ஒவ்வாமை அன்று, இழையின் தடிமன். சுமார் 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழை முனைகள் வளையாமல் தோலைக் குத்துகின்றன. தக்காணக் கம்பளி அந்த வகை. 20 மைக்ரானுக்குக் கீழே உள்ள மெரினோவை வெற்றுடம்பிலேயே உடுத்தலாம்.

காப்பெலில் இந்த அறிவு வெறும் ஏட்டுக்கானது அன்று. 2021 பிப்ரவரி 16 அன்று பக்கத்திலுள்ள டாலஸ்–ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் வெப்பநிலை மைனஸ் 19 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. அப்போது அடித்த குளிர்காலப் புயலில் டெக்சாஸ் முழுவதும் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. ஹீட்டர் நின்ற வீட்டில் உடம்பின் சூட்டைப் பிடித்து வைப்பது துணி ஒன்றுதான். ஆனால் நம் அலமாரிகளில் ‘கம்பளி’ என்று இருப்பவற்றில் பல பாலியஸ்டரோ அக்ரிலிக்கோதான்.

ஆங்கிலத்திலும் இதே நழுவல் நடந்திருக்கிறது. ‘ஃபிளீஸ்’ என்பது ஓர் ஆட்டின் உடம்பிலிருந்து கத்தரித்த முழு மயிர்ப்பரப்பு. 1979-இல் மாசசூசெட்ஸின் மால்டன் மில்ஸ் பாலியஸ்டரில் போலார் ஃபிளீஸைச் செய்தது; இன்று கடையில் அந்தச் சொல்லைக் கேட்டால் ஆடு சம்பந்தப்படாத துணியே கைக்கு வரும். இத்தனைக்கும் அமெரிக்க மாநிலங்களில் செம்மறி ஆடுகள் மிகுதியாக இருப்பது டெக்சாஸில்தான். காப்பெலிலிருந்து சுமார் 400 கி.மீ. தொலைவில், சான் ஆஞ்சலோவைச் சுற்றி, மெரினோ வழிவந்த ராம்புயே ஆடுகள் மேய்கின்றன.

ஆகவே கடைக்குப் போனால் அட்டையில் பெரிதாக எழுதிய பெயரை விட்டுவிட்டு, உள்தையலில் இருக்கும் சின்னச் சீட்டைப் பாருங்கள். அமெரிக்காவின் 1939-ஆம் ஆண்டு ஆட்டுமயிர்ப் பொருள் சட்டப்படி, எந்த இழை எத்தனை விழுக்காடு, எந்த நாட்டில் செய்தது, மறுசுழற்சி செய்ததா என்பதை அங்கே சொல்லியாக வேண்டும். ஊரிலிருந்து வந்த சீட்டில்லாத பழைய போர்வையானால் ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிரித்து, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் ஆட்டுமயிர். உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டி மணியாக நின்றால் பிளாஸ்டிக்.