குழந்தை வரையும் 'நான்': பாலர் பருவத் தன்னுருவ ஓவிய ஆய்வின் வரலாறு

முன்னுரை

பாலர் பள்ளிகளில் ஆண்டுத் தொடக்கத்தில் 'நான்' என்னும் கருப்பொருளின்கீழ்க் குழந்தைகளைத் தம் உருவத்தை வரையச் சொல்வது வழக்கம். ஒரு பெரிய வட்டம், அதனுள் இரு புள்ளிகள், வட்டத்தின் அடியிலிருந்து நேரே இறங்கும் இரு கோடுகள். மூன்று, நான்கு அகவைக் குழந்தைகளுள் பலர் தம்மை இவ்வாறே வரைகின்றனர். உடற்பகுதி இல்லை, பல வேளைகளில் கைகளும் இல்லை. ஆசிரியர் பயிலரங்கு ஒன்றில் இத்தகைய படத்தின் ஓரத்தில் 'வளர்ச்சி பின்தங்கியுள்ளது' என்னும் குறிப்பைக் கண்டோம். வரைந்த குழந்தைக்கு அகவை நான்கு. குறிப்பெழுதியவரோ அக்கறை மிகுந்த ஆசிரியர். படத்தில் விடுபட்டதைக் குழந்தையின் குறையாகக் காணும் இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது, அது எத்துணைப் பொருத்தமுடையது என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

தொடக்ககால நோக்கு

இத்துறையின் முன்னோடி நூல்களுள் ஒன்று 1887இல் இத்தாலியில் வெளிவந்தது. கலை வரலாற்றாசிரியரான கொராடோ ரிச்சி, பொலோஞா நகரில் மழைக்கு ஒதுங்கிய கூரைவழியொன்றின் சுவரில் சிறுவர் கிறுக்கியிருந்த படங்களைக் கண்டார். குழந்தைகளின் கலை பற்றிய அவரது நூலுக்கு அதுவே வித்திட்டது. குழந்தை மனிதனைக் கண்ணுக்குத் தெரிந்தவாறு காட்டுவதில்லை. தான் அறிந்தவற்றைச் சொல்லிச் செல்வதுபோல் கோடுகளால் விவரிக்கிறது என்பது அவர் கருத்து.

இக்கருத்தைக் கோட்பாடாக வளர்த்தவர் பிரெஞ்சு அறிஞர் ழோர்ஜ் ஆன்ரி லுக்கே. தம் மகளின் படங்களைத் தொடர்ந்து சேகரித்து 1913இலும், விரிந்த நோக்கில் 1927இலும் அவர் நூல்கள் வெளியிட்டார். கிறுக்கலில் தற்செயலாக ஓர் உருவம் புலப்படுவது முதல் நிலை. வரைய முயன்றும் உறுப்புகள் உரிய இடத்தில் இணையாமற் போவது இரண்டாவது. அறிந்ததை எல்லாம் வரைவது மூன்றாவது. கண்டதைக் கண்டவாறு வரைவது நான்காவது. பியாஜேயும் இன்ஹெல்டரும் 1948இல் குழந்தையின் இடவுணர்வு பற்றி எழுதியபோது இந்நிலைகளைத் தழுவிக்கொண்டனர்.

அளவுகோலாக மாறிய படம்

1926இல் ஒரு திருப்பம் நேர்ந்தது. அமெரிக்க உளவியலாளர் ஃபுளோரன்ஸ் குட்இனஃப், 'ஒரு மனிதனை வரைக' என்னும் ஒரே கட்டளையைக் கொண்டு நுண்ணறிவை அளக்கும் சோதனையை வகுத்தார். தலை உண்டா, கால் உண்டா, விரல்களின் எண்ணிக்கை சரியா என 51 கூறுகளுக்குப் புள்ளிகள் அளிக்கப்பட்டன. ஒரு தாளும் பென்சிலும் போதும், எழுத்தறிவும் வேண்டுவதில்லை. ஆகவே இச்சோதனை பல நாடுகளுக்கும் பரவியது. இந்தியாவில் பரோடாவைச் சேர்ந்த பிரமிளா பாடக் இந்தியக் குழந்தைகளுக்கேற்ப அதனைத் தகவமைத்தார்.

இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். குழந்தையிடம் கேட்கப்பட்டது 'மனிதன்'; 'நான்' அன்று. 1963இல் டேல் ஹாரிஸ் இச்சோதனையைத் திருத்தியபோதுதான் பெண்ணுருவமும் தன்னுருவமும் சேர்க்கப்பட்டன. ஆணுருவத்திற்கு 73, பெண்ணுருவத்திற்கு 71 கூறுகள் வரையறுக்கப்பட்டன. தன்னுருவத்திற்கோ அவற்றுக்கு நிகரான தரப்படுத்திய அளவுகோல் அமையவில்லை. எனினும் விடுபட்ட உறுப்பை எண்ணும் பழக்கம் மட்டும் வகுப்பறையில் நிலைத்துவிட்டது எனலாம்.

விடுபட்டது ஏன்?

தலையிலிருந்து நேரே கால்கள் இறங்கும் உருவத்தைத் தலைப்பிரட்டை உருவம் என்பர். குழந்தை தன் உடலை அறியாததால் இவ்வாறு வரைகிறதா? 1972இல் பியூலா ஆம்ஸ்டர்டாம் குழந்தைகளின் மூக்கில் செஞ்சாயம் இட்டுக் கண்ணாடிமுன் நிறுத்தினார். ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு அகவைக்குள் பலர் கண்ணாடியிற் கண்ட கறையைத் தம் முகத்திலேயே தேடினர். தன்னுருவை அறிந்து ஓரிரு ஆண்டுகள் கழிந்த பின்னரே குழந்தை தலைப்பிரட்டையை வரைகிறது. ஆகவே அறிவுக்கும் படத்துக்கும் இடையே உள்ள தொலைவை வேறு காரணத்தால் விளக்க வேண்டியுள்ளது.

அவ்விளக்கத்தை 1970களின் ஆய்வுகள் தந்தன. உறுப்புகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி வரையச் செய்தபோது, தலைப்பிரட்டை வரைந்த குழந்தைகளும் வயிற்றை வரைந்ததைக் கிளேர் கொலொம்ப் கண்டார். நார்மன் ஃபிரீமன் தலையும் உடலும் மட்டும் வரைந்த படங்களைக் கொடுத்துக் கைகளைச் சேர்க்கச் சொன்னார். தலை பெரிதாயிருந்தால் தலையிலும், உடல் பெரிதாயிருந்தால் உடலிலும் கைகளைப் பொருத்தும் போக்கு வெளிப்பட்டது. குழந்தை தலையில் தொடங்கிக் காலில் முடிக்கிறது, இடைப்பட்டவை நழுவிவிடுகின்றன. வரைதல் என்பது வரிசைப்படுத்தித் திட்டமிடும் செயல் என்பதும், அத்திறன் மெல்ல முதிர்வது என்பதும் இதனால் தெளிவாகின்றன.

'மனிதன்' 'நான்' ஆதல்

இரண்டு அகவை அளவில் கிறுக்கல், மூன்று அளவில் மூடிய வட்டம், அதன்பின் தலைப்பிரட்டை, நான்கு, ஐந்து அகவையில் உடற்பகுதி. இது பொதுவான வரிசையே; குழந்தைக்குக் குழந்தை காலம் வேறுபடும். தொடக்கத்தில் குழந்தை வரையும் தன்னுருவத்துக்கும் பிறர் உருவத்துக்கும் வேறுபாடு காண்பது அரிது. கூந்தல், உடை, பெரியவர்களை நோக்கத் தன் சிற்றளவு ஆகியவை படிப்படியாகச் சேரும்போதுதான் பொதுவான மனிதன் 'நான்' ஆகிறான்.

அந்த 'நான்' பண்பாட்டுக்கேற்பவும் வேறுபடுகிறது. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஜெர்மானிய நகர்ப்புற நடுத்தரக் குடும்பக் குழந்தைகளையும் கேமரூனின் ன்சோ இனத்து ஊர்ப்புறக் குழந்தைகளையும் ஒப்பிட்டது. முன்னவர் தம்மைப் பெரிதாகவும், பின்னவர் சிறிதாகவும் வரைந்தனர். சிறிய உருவத்தைத் தன்னம்பிக்கைக் குறைவின் அடையாளமாகக் கொள்வோர் இம்முடிவைக் கருத்திற்கொள்ளல் நலம்.

முடிவுரை

படத்துக்கும் அறிவுக்கும் தொடர்பே இல்லை என்பது நம் கருத்தன்று. 2014இல் பிரிட்டனில் 7,752 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தோர், நான்கு அகவையில் வரைந்த மனித உருவத்துக்கும் அதே அகவை நுண்ணறிவுக்கும் இடையே 0.33 அளவிலும், பதினான்கு அகவை நுண்ணறிவோடு 0.20 அளவிலும் ஒட்டுறவு கண்டனர். பெருந்தொகையினரை ஆராய்வோருக்கு இது பொருளுடைய செய்தி. ஒரு தனிக் குழந்தையைப் பற்றித் தீர்ப்பெழுத இது போதாது.

ஆசிரியர் செய்யத்தக்கவை எளியன. படத்தில் நாளைக் குறித்து ஆண்டு முழுவதும் தொகுத்து வைத்தல், 'இது என்ன?' என்று கேட்டுக் குழந்தையின் விடையைப் படத்தின் பின்புறம் எழுதுதல். உறுப்புகளைப் பெயர் சொல்லிப் பாடியும் பேசியும் மறுபடி வரையச் செய்தல். நாம் கண்ட அந்தப் படத்தின் ஓரத்திலும் தீர்ப்புக்கு மாற்றாக ஒரு நாளும் குழந்தையின் சொல் ஒன்றும் இடம்பெற்றிருக்கலாம். அடுத்து வரையும் படத்தை எதனோடு ஒப்பிடுவது என்பதை அவையே காட்டியிருக்கும்.