ஒரே தகட்டில் ஒரு வனம்

வண்ண அச்சுக்கலையின் வரலாற்றில் என் கருத்தை மிகவும் கவர்ந்தது, அச்சுத் தகட்டையே அழித்துக்கொண்டு சித்திரத்தை வளர்க்கும் முறையாகும்.

பழைய முறை வேறு. 1516-இல் வெனிஸ் நகர ஆட்சி மன்றத்திடம் தனியுரிமை வேண்டிய ஊகோ தா கார்ப்பியும், 1765-இல் ஜப்பானில் பல வண்ண அச்சுக்குப் புகழ் தேடித்தந்த சுசுகி ஹருனோபுவும் ஒரே படத்துக்குப் பல மரப்பலகைகளைப் பயன்படுத்தினர். பலகைகள் உள்ளவரை படம் மீண்டும் பிறக்கும். ஆயினும் ஒரு பலகை மயிரிழை விலகினும் படம் கெடும்.

1958-இல் கிரானாக்கின் ஓவியத்தைத் தழுவிப் பல தகடுகளில் அச்சிட்ட பிக்காஸோ, 1959-இல் பிரான்சின் வல்லோரிஸ் ஊர் அச்சாளர் ஆர்னேராவின் துணையுடன் ஒரே லினோலியத் தகட்டை நிறந்தோறும் மேலும் செதுக்கி அச்சிடலானார்.

இம்முறையில் ஒரு வனக்காட்சியை எண்ணிப் பாருங்கள். வானத்துக்குரிய இடத்தைச் செதுக்கி நீக்கியபின், முதலில் இளமஞ்சளை எல்லாத் தாள்களிலும் அச்சிடவேண்டும். அடுத்து, வெயில் படும் இலைகளைச் செதுக்கிவிட்டால் அவை மஞ்சளாகவே நிற்கும். எஞ்சிய இடத்தில் பச்சை ஏறும். பிறகு கரும்பச்சை. முடிவில் அடிமரங்களும் நிழல்களும் மட்டுமே தகட்டில் மிஞ்சும்.

20 படிகள் வேண்டுமாயின், சேதாரத்தையும் கணக்கிட்டு, அத்தனை தாள்களிலும் தொடக்கத்திலேயே மஞ்சளை ஏற்றிவிடவேண்டும். பச்சைக்கு வந்தபின் மஞ்சளுக்குத் திரும்ப வழியில்லை. பெருக்குவதற்கென்றே பிறந்த கலை, இங்கே தன் பெருக்கத்துக்குத் தானே எல்லை வகுத்துக்கொள்கிறது.