காத்து இறங்கிய ரேஞ்ச் ரோவர்

இன்னைக்கு ஒரு கார் கதை. சரியாச் சொல்லணும்னா, காருக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங்கோட கதை.

ஒரு காட்சியை நினைச்சுப் பாருங்க. ராத்திரி நிமிர்ந்து நின்ன வண்டி, காலையில் வந்து பார்த்தா மண்டி போட்ட யானை மாதிரி ஒரு பக்கம் இறங்கி உட்கார்ந்திருக்கு. டயரைப் பார்த்தா காத்து சரியாத்தான் இருக்கு. 1990-களில் வந்த ரேஞ்ச் ரோவர் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. இறங்கினது டயர் காத்து இல்லை, ஸ்பிரிங்குக்குள் இருந்த காத்து.

அப்போ ஓனர் முன்னாடி இரண்டு வழி. புது ஏர் ஸ்பிரிங் வாங்கி மாட்டலாம். இல்லைன்னா காத்து சிஸ்டம் மொத்தத்தையும் கழற்றி வைத்துவிட்டு, சுருள் சுருளான இரும்புக் காயில் ஸ்பிரிங்கும் புது ஷாக் அப்சார்பரும் போட்டுவிடலாம். இரண்டாவது வழியில் போகிறவர்களை முதல் கட்சிக்காரர்கள் ரொம்பவே கேலி செய்வார்கள். ஒரு லக்ஷுரி வண்டியைச் சாதாரண வண்டியாக்கிட்டாங்க என்பது புகார். இந்தப் புகார் நியாயமான்னு தெரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

ரோவர் கம்பெனி 1948-ல் கொண்டுவந்த லேண்ட் ரோவர், அடிப்படையில் விவசாயிக்கான வண்டி. நான்கு சக்கரத்துக்கும் லீஃப் ஸ்பிரிங். லாரிக்கு அடியில் குனிந்தால் பட்டை பட்டையாக அடுக்கி வைத்தது தெரியுமே, அதுதான். தாத்தா பாட்டி வாயில் வில்வண்டி என்ற வார்த்தையைக் கேட்டிருப்பீங்க. அந்த வில்லும் இதே வகைதான். லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு வசதி உண்டு. எடையையும் தாங்கும், ஆக்ஸில் அங்கே இங்கே நகராமல் பிடித்தும் வைக்கும். ஒரே பொருள், இரண்டு வேலை. ஆனா உட்கார்ந்திருப்பவர் இடுப்பு மட்டும் கழன்றுவிடும்.

காட்டு வழியில் போகிற வண்டின்னா ஸ்பிரிங் முரட்டுத்தனமாத்தான் இருக்கணும் என்பது அன்றைய பொது நம்பிக்கை. 1960-களின் நடுவில் ரோவரில் இருந்த இரண்டு இன்ஜினியர்கள் இதைத் தலைகீழாகப் பார்த்தார்கள். ஒருவர் ஸ்பென் கிங், இன்னொருவர் கார்டன் பாஷ்ஃபோர்டு. கிங், லேண்ட் ரோவரை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸின் அக்காவோ தங்கையோ பெற்ற மகன், அதாவது மருமகன் முறை. ஆக, மாமா போட்ட ஸ்பிரிங்கை மருமகன் மாற்றினார்னு வெச்சுக்கலாம். அவர்கள் யோசனை இதுதான்: பள்ளம் வந்தா சக்கரம் கீழே இறங்கி மண்ணைத் தொடணும், மேடு வந்தா தாராளமா மேலே ஏறணும். அதற்கு மென்மையான, நீளமா ஏறி இறங்கக்கூடிய காயில் ஸ்பிரிங் வேணும். சக்கரம் மண்ணை விடாமல் இருந்தால் பிடிமானமும் கிடைக்கும், உள்ளே இருப்பவருக்கும் தூக்கிப் போடாது.

1970 ஜூன் 17-ல் ரேஞ்ச் ரோவர் வெளியானது. விலை 1,998 பவுண்ட். உள்ளே எட்டிப் பார்த்திருந்தா ஏமாந்திருப்பீங்க. லெதர் கிடையாது, மர வேலைப்பாடு கிடையாது, பவர் ஸ்டியரிங்கூடக் கிடையாது. கழுவி விடுகிற மாதிரி வைனில் சீட்டு. அப்போ இதில் சொகுசு எங்கே இருந்தது? அடியில்! மத்தியானம் சேற்றில் உழன்றுவிட்டு சாயங்காலம் நெடுஞ்சாலையில் கார் மாதிரி போக முடிஞ்சதுக்குக் காரணம், V8 இன்ஜினோடு சேர்ந்து அந்த நாலு இரும்புச் சுருள்.

காயில் ஸ்பிரிங் எடையை மட்டும்தான் தாங்கும். ஆக்ஸிலைப் பிடித்து வைக்கத் தனியாக இரும்புக் கைகள் தேவை. பின்பக்கம் A எழுத்து வடிவத்தில் ஒரு கை. அதன் நடுவில் போகே கம்பெனியின் ஹைட்ரோமாட் என்று ஓர் உருளை இருந்தது. எனக்கு இந்த வண்டியிலேயே ரொம்பப் பிடித்த பார்ட் இதுதான். மென்மையான ஸ்பிரிங் போட்டா ஒரு சிக்கல் வரும் இல்லையா? பின்னாடி நாலு மூட்டை ஏற்றினா வண்டி குந்திக்கும். ஹைட்ரோமாட் அதைச் சரிசெய்யும். மோட்டார் இல்லை, வயர் இல்லை. வண்டி கிளம்பி ரோட்டில் குலுங்கும்போது, அந்தக் குலுங்கலையே பம்ப்பாகப் பயன்படுத்தி உள்ளே எண்ணெயை அழுத்தி, பின்பக்கத்தைத் தானாகத் தூக்கிவிடும்.

அப்புறம் வண்டியின் வாழ்க்கை மாறியது. 1981-ல் நாலு கதவு வந்தது, லெதரும் மரமும் வந்தன, 1987-ல் அமெரிக்காவில் விற்பனை. சேற்று வண்டி, பங்களா வாசலில் நிற்கும் வண்டி ஆனது. (கிங்குக்கே இந்தப் போக்கு பிடிக்கலை. பிள்ளைகளை ஸ்கூலில் விட இவ்வளவு பெரிய வண்டியை எடுத்துப் போவது முட்டாள்தனம் என்கிற மாதிரி 2004-ல் வெளிப்படையாகவே பேசினார்.) 1992-ல் நீளமான LSE மாடலோடு எலக்ட்ரானிக் ஏர் சஸ்பென்ஷன் வந்தது. காயிலுக்குப் பதிலா நாலு ரப்பர்ப் பைகள், காத்து அடைக்க ஒரு கம்ப்ரஸர், காத்தைப் பிரித்து அனுப்ப ஒரு வால்வ் பிளாக், உயரத்தை அளக்க சென்ஸார்கள், எல்லாத்தையும் ஆட்டிவைக்க ஒரு கம்ப்யூட்டர். பட்டனைத் தட்டினா ஏறுவதற்கு வசதியா வண்டி இறங்கும், காட்டில் உயரும், வேகம் எடுத்தா தானாகத் தாழும். உண்மையிலேயே அருமையான சவாரி.

ஆனா ரப்பருக்கு வயசாகும். பை மடியும் இடத்தில் வெடிப்பு விழும், காத்து மெதுவாகக் கசியும். கசிந்ததை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும், ஓடி ஓடி அதுவும் போகும். வால்வ் பிளாக்கில் இருக்கும் சின்ன ரப்பர் வளையம் தேய்ந்தாலும் கதை அதேதான்.

இது முன்னாடியே ஒரு தடவை நடந்த கதை என்பதுதான் சுவாரஸ்யம். 1957-ல் காடிலாக் கம்பெனி எல்டொராடோ ப்ரோம் என்ற காரை 13,074 டாலருக்கு விற்றது. அன்றைக்குத் தலைசுற்றும் விலை. அதிலும் ஏர் சஸ்பென்ஷன், அதிலும் கசிவு. அவ்வளவு பணம் கொடுத்து வாங்கியவர்களில் நிறையப் பேர் காத்தைக் கழற்றிவிட்டு காயில் மாட்டிக்கொண்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1958-ல் மற்ற கார்களுக்கும் இதைக் கொடுத்துப் பார்த்து, சில வருஷத்தில் கைவிட்டது. முப்பத்தைந்து வருஷம் கழித்து இங்கிலாந்தில் அதே படம், ரீமேக்.

சரி, காயிலுக்கு மாற்றினா எல்லாம் தீர்ந்ததா? இங்கேதான் பலர் பாதி வேலையோடு நிறுத்திவிடுகிறார்கள். ஷாக் அப்சார்பர் என்ற பேரே நம்மை ஏமாற்றுகிற பேர். அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங். ஷாக்கின் வேலை, ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் நிறுத்துவது. உள்ளே எண்ணெய் சின்னத் துளை வழியா போகும்போது, ஆட்டம் சூடாக மாறிக் கரைந்துவிடும். புது ஸ்பிரிங்கோடு தேய்ந்த ஷாக்கை விட்டுவைத்தால், வேகத்தடை தாண்டினதும் வண்டி படகு மாதிரி ஆடும், டயர் திட்டுத் திட்டாகத் தேயும். அதனால் இரண்டையும் சேர்த்து, ஒரு ஆக்ஸிலின் இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றணும். கைகளின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷையும் பார்த்துடுங்க. புது ஷாக் போட்டும் டொக் டொக்னு சத்தம் வந்தா, பல தடவை திருடன் அந்த புஷ்தான். ஏர் சிஸ்டம் இருக்கிற வண்டியில் காத்தை முழுசாக இறக்காமல் எதையும் கழற்றவே கூடாது.

1970-களின் வண்டிகளிலும் இதே மாதிரி ஒரு சமரசம் நடந்திருக்கு. ஹைட்ரோமாட் செத்துப்போனா பலர் அதைத் தூக்கிவிட்டு, பின்னாடி கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங் போட்டுடுவாங்க. பாரம் தாங்கும், ஆனா காலி வண்டியில் பழைய மென்மை வராது.

அதனால என் கட்சி இதுதான். காயிலுக்கு மாறுகிறவர் வண்டியைக் கேவலப்படுத்தவில்லை, 1970-ல் அதைச் சொகுசு வண்டி ஆக்கின பொருளையே திரும்ப மாட்டுகிறார். ஆனா முழுசாகத் திரும்பவில்லை என்பதும் நிஜம். காத்தும் போச்சு, அந்த ஹைட்ரோமாட்டும் இல்லை. பின்னாடி மூட்டை ஏற்றினா தூக்கிவிட யாரும் கிடையாது. காசும் பொறுமையும் இருந்தா, 1992-க்கு அப்புறம் வந்த வண்டியில் புது ரப்பர்ப் பை போட்டுக் காத்தையே காப்பாற்றுவதுதான் என் ஆசை. தினமும் ஆபீஸ் போகிற வண்டின்னா காயில் போடுங்க, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

மாற்றிய வண்டிகளில் ஒரு வேடிக்கை உண்டு. டேஷ்போர்டில் உயரத்தை மாற்றும் அந்தப் பட்டன்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பழைய ஞாபகத்தில் தட்டிப் பார்க்கலாம், வண்டி அசையாது.