திரைக்குப் பின்னே ஒரு பாடசாலை: பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தும் கல்வியும்

கம்பன் பாடல்களை இரவெல்லாம் ஓதிப் பொருள் விரிக்கும் மரபு கேரளத்தின் பாலக்காட்டு வட்டாரத்தில் இன்றும் வாழ்கிறது என்பது தமிழ் பயிலும் மாணவர் பலரும் அறியாத செய்தி. பாரதப்புழையை ஒட்டிய பகவதி கோயில்களில், ஏறத்தாழ சனவரி முதல் மே வரை, தோல்பாவைக்கூத்து நிகழ்கிறது. அதற்கெனவே நிலையாகக் கட்டப்பட்ட கூத்துமாடம். அதன் முகப்பில் வெண்திரை. திரையின் பின்னே வரிசையாக 21 விளக்குகள். கூத்து 7, 14, 21 இரவுகள் எனக் கோயிலுக்கேற்ப நீளும்.

தாரிகனோடு பொருதுகொண்டிருந்த பத்திரகாளிக்கு இராம இராவணப் போரைக் காணும் வாய்ப்பு இல்லாது போயிற்று. அவளுக்காகவே இக்கூத்து என்பது ஐதிகம். தேவி காண்பதே போதும் என்பதால், நள்ளிரவுக்குப் பின் மாடத்தின் எதிரே ஒருவரும் இல்லாதிருப்பது இயல்பு. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996இல் வெளியிட்ட ஆய்வுநூல், இந்தப் பார்வையாளர் இன்மையை ஒரு முதன்மைக் கேள்வியாக எடுத்துக்கொண்டது.

பாராட்ட ஆளில்லாத இடத்தில் ஒரு கலைஞன் தன்னை ஏன் செம்மைப்படுத்திக்கொள்ள வேண்டும்? விடை திரைக்குப் பின்னே இருக்கிறது. பாவையை ஆட்டுவது அக்கலையின் ஒரு பகுதியே. ஆட்டுபவர் பாடலை ஓத வேண்டும். பதம் பிரித்துப் பொருள் கூற வேண்டும். புராணம், சோதிடம், மருத்துவம் எனக் கிளைக்கதைகளையும் கருத்துகளையும் பொருத்தமாகச் சேர்க்க வேண்டும். ஒருவர் இராமனாகப் பேசினால் மற்றவர் வீடணனாக வினவுவார். வினாவுக்கு விடை தந்தாக வேண்டும். மலையாளம் பேசும் சூழலில் வளர்ந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ச் செய்யுள்களை நெஞ்சில் நிறுத்தி இதைச் செய்கிறார்கள். தேர்ந்தவரைப் ‘புலவர்’ என்றழைப்பது வெறும் உபசாரமன்று.

ஆகவே உடன் ஆடுபவரே அவைக்களம், அவரே தேர்வாளர். இளையவர் எளிய பாவைகளை ஆட்டத் தொடங்கி, மூத்தவர் உரைப்பதைக் கேட்டுக் கேட்டு, பல ஆண்டுகளில் உரையாடலுக்குள் நுழைகிறார். அரங்கேற்றத்தோடு முடியும் படிப்பு இங்கில்லை. அதே செய்யுள் அடுத்த கோயிலிலும், அடுத்த ஆண்டிலும் மீண்டும் வரும். ஒவ்வொரு முறையும் புதிய வினாவுக்கு இடமுண்டு. கற்றலும் நிகழ்த்தலும் ஒன்றாகிவிடுகின்றன.

ஷொர்ணூர் அருகே கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் இக்கலையைக் கோயிலுக்கு வெளியே பொது மேடைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர். அவர் மகன் இராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. வெளிமேடை இல்லாதிருந்தால் இக்கலை மேலும் நலிந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரு மணி நேரக் காட்சிக்குப் போரும் நிழலசைவும் போதும். பதவுரையும் வினாவிடையும் தேவைப்படுவதில்லை. மேடை கேட்காததை மாணவர் கற்பதும் அரிது. இவ்வாறே போனால் பாவைகள் எஞ்சும், புலமை எஞ்சாது.

இங்குதான் தமிழ்த்துறைகளுக்குக் கடமை உண்டு. ஆவணப்படுத்தச் செல்வோர் பெரும்பாலும் திரைக்கு முன் நின்று நிழலைப் படமெடுக்கிறார்கள். திரைக்குப் பின் சென்று, எந்தச் செய்யுளுக்கு எவர் என்ன வினவினார், எவ்வாறு விடை பெற்றார் என்பதை முழு இரவும் பதிவுசெய்தல் வேண்டும். கம்பனுக்கு அச்சில் வந்த உரைகள் பல உண்டு. ஆண்டுதோறும் வாய்மொழியாக வளரும் இவ்வுரையோ அதை உரைக்கும் மூத்தவர்களோடு மறையக்கூடியது.

அடுத்த கூத்துப் பருவத்தில் பாலக்காடு செல்லும் மாணவர்கள் நள்ளிரவுக்குப் பின்னும் இருந்து கேளுங்கள். கூத்தின் பாடம் அப்போதுதான் நடக்கிறது.