ஜனவரி 12, 1888: ஒரு இதமான காலையும் ஒரு வானிலை அறிக்கையும்

அமெரிக்காவின் நடுவில், ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே, மரங்களே அதிகம் இல்லாத ஒரு மாபெரும் புல்வெளி இருக்கிறது. வடக்கே கனடாவிலிருந்து தெற்கே டெக்சாஸ் வரை நீள்கிறது. குளிர்காலத்தில் வட துருவப் பக்கத்திலிருந்து குளிர்காற்று கிளம்பினால், அதைத் தடுத்து நிறுத்த வழியில் ஒரு மலை கூட கிடையாது. ராக்கி மலை வடக்கு தெற்காக நிற்பதால் காற்றுக்கு அது தடுப்புச் சுவர் இல்லை. ஓட்டிவிடும் வாய்க்கால் கரை மாதிரிதான். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

1888-ஆம் ஆண்டு ஜனவரி 12, வியாழக்கிழமை. இன்றைய நெப்ராஸ்கா, தெற்கு டகோட்டா, மின்னசோட்டா பகுதிகளில் அன்று காலை விடிந்தபோது எல்லோருக்கும் சந்தோஷம். அதற்கு முந்தைய வாரம் மிக மோசம். 5, 6 தேதிகளில் மாவு போன்ற மெல்லிய பனி கொட்டியிருந்தது. 7 முதல் 11 வரை கடும் குளிர். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். 12-ஆம் தேதி காலையில் தெற்கிலிருந்து இதமான காற்று வீசியது. பனி கூட லேசாக உருக ஆரம்பித்த இடங்கள் உண்டு. விவசாயிகள் தூரத்து வைக்கோல் போரிலிருந்து மாட்டுக்குத் தீவனம் எடுத்து வரக் கிளம்பினார்கள். பிள்ளைகள் கனமான கோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். பல நாள் கழித்துப் பள்ளி திறந்த உற்சாகம் வேறு.

அந்த இதமான காற்றுதான் ஆபத்தின் முதல் அடையாளம் என்பது அவர்களுக்குத் தெரியாது. ராக்கி மலையின் கிழக்குச் சரிவில் ஒரு வலுவான காற்றழுத்தத் தாழ்வு உருவாகும்போது, அதன் முன்பக்கத்தில் தெற்கிலிருந்து வெப்பக் காற்றை உறிஞ்சி இழுக்கும். பின்பக்கத்தில் கனடாவிலிருந்து உறைகுளிர் காற்றை இழுத்து வரும். முன்பக்கம் எவ்வளவு இதமோ, பின்பக்கம் அவ்வளவு கொடுமை. இரண்டும் ஒரே சக்கரத்தின் இரண்டு பக்கங்கள்.

குளிர்முகப்பு அன்று அதிகாலையிலேயே மான்டானாவைத் தாண்டிவிட்டது. டகோட்டாவின் கிழக்குப் பகுதியை நண்பகல் வாக்கில் அடைந்தது. நெப்ராஸ்காவின் லிங்கன் நகரத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி பிற்பகல் 3. அதாவது, பல இடங்களில் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம், அல்லது பள்ளி விட்டு வீட்டுக்குக் கிளம்பும் நேரம்! ஒரு சில மணி நேரம் முன்பாக வந்திருந்தால் யாரும் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க மாட்டார்கள். பின்பாக வந்திருந்தால் எல்லோரும் வீடு திரும்பியிருப்பார்கள்.

வடமேற்கு அடிவானத்தில் கருப்பாக ஒரு சுவர் எழுந்து வந்தது என்றுதான் பிழைத்தவர்கள் பலர் சொன்னார்கள். அது வந்து மோதியதும் எதுவும் தெரியவில்லை. நிலத்தில் கிடந்த பழைய பனியும் வானத்திலிருந்து வந்த புதுப் பனியும் சேர்ந்து, அரைத்த மாவைப் போல கண்ணிலும் மூக்கிலும் அடைத்தது. நீட்டிய கை தெரியவில்லை. வீட்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவில் வழி தவறி இறந்தவர்கள் இருக்கிறார்கள். இரவுக்குள் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய், பல இடங்களில் மைனஸ் 29 முதல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. இறந்தவர்கள் 235 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. உண்மையில் இன்னும் அதிகம் என்று சொல்லும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. அவர்களில் பள்ளிப் பிள்ளைகள் நிறைய இருந்ததால், 'பள்ளிக்கூடப் பனிப்புயல்' என்றே இதற்குப் பெயர் வந்துவிட்டது.

வீடுகள் ஏன் அவ்வளவு தூரம் தள்ளி இருந்தன என்று கேட்கலாம். 1862-இல் வந்த குடியேற்றச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. ஐந்து வருடம் அந்த நிலத்திலேயே குடியிருந்து பயிர் செய்தால்தான் பட்டா. ஐரோப்பாவில் கிராமமாகச் சேர்ந்து வாழ்ந்து பழகிய ஜெர்மானியரும் நார்வேக்காரரும் இங்கே வந்து அவரவர் 160 ஏக்கருக்கு நடுவே தனித்தனியாக வீடு கட்டினார்கள். மரம் கிடையாது, அதனால் புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டியில் சுவர், பலருக்குக் கூரையும் அதுவேதான். பள்ளிக்கூடம் என்பது ஒரே அறை, ஒரே அடுப்பு, ஒரே ஆசிரியை. ஆசிரியைக்குப் பெரும்பாலும் இருபது வயது கூட ஆகியிருக்காது.

நெப்ராஸ்காவின் பிளெயின்வியூ ஊரருகே லோயி ராய்ஸ் என்ற ஆசிரியையிடம் அன்று மூன்று குழந்தைகள் இருந்தார்கள். பிற்பகல் 3 மணிக்கு அடுப்புக்கு எரிபொருள் தீர்ந்துவிட்டது. அவர் தங்கியிருந்த வீடு பக்கத்திலேயே இருந்தது, எனவே மூவரையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார். வழி தெரியவில்லை. இரவு முழுக்க வெட்டவெளியில் அவர்களை அணைத்துக்கொண்டு படுத்திருந்தார். மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோனார்கள். ராய்ஸ் பிழைத்தார், ஆனால் பாதங்களை இழந்தார்.

அதே மாநிலத்தில் மின்னி ஃப்ரீமன் என்ற ஆசிரியையின் கதை வேறு விதமாக முடிந்தது. காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதும், பிள்ளைகள் எல்லோரையும் அருகிலிருந்த பண்ணை வீட்டுக்கு அழைத்துச் சென்று காப்பாற்றிவிட்டார். எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டி அழைத்துப் போனார் என்று பத்திரிகைகள் எழுதின. கயிறு இருந்ததா இல்லையா என்பது இன்று வரை சந்தேகம்தான். ஒமாஹா நகரப் பத்திரிகை ஒன்று 'வீராங்கனை நிதி' திரட்டியது, பாட்டு கட்டினார்கள், ஃப்ரீமன் நாடு முழுக்கப் பிரபலமானார். ராய்ஸும் ஃப்ரீமனும் எடுத்த முடிவு ஒன்றேதான் என்பதைக் கவனியுங்கள். இருவரும் பிள்ளைகளை வெளியே அழைத்துக்கொண்டு நடந்தார்கள். ஒருவர் வீட்டைக் கண்டுபிடித்தார், ஒருவர் கண்டுபிடிக்கவில்லை.

டகோட்டாவில் ஃப்ரீமன் என்ற ஊர்ப் பக்கம் (ஆசிரியைக்கும் ஊருக்கும் சம்பந்தமில்லை) ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய மென்னனைட் குடும்பங்களைச் சேர்ந்த ஐந்து சிறுவர்கள் பள்ளியிலிருந்து கிளம்பி வழி தவறிப்போனார்கள். ஐந்து பேரின் உடல்களும் ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தன.

சரி, இது யாருக்குமே தெரியாமல் வந்த புயலா? அதுதான் இல்லை.

அமெரிக்காவில் 1870-லேயே அரசாங்க வானிலைச் சேவை வந்துவிட்டது. ராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவிடம் அந்த வேலை கொடுக்கப்பட்டது, ஏனென்றால் தந்திக் கம்பியும் கட்டுப்பாடான ஆட்களும் அவர்களிடம்தான் இருந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி 24 நிலையங்களிலிருந்து முதல் அளவீடுகள் தந்தியில் வந்தன. 1888-இல் இந்தப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் அடோல்ஃபஸ் கிரீலி. 1881-இல் 25 பேரோடு ஆர்க்டிக் பிரதேசத்துக்குப் போய், 1884-இல் மீட்கப்பட்டபோது உயிரோடு இருந்த சிலரில் ஒருவர். குளிர் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேற்குப் புல்வெளிக்கென்று தனியாக 1887 இலையுதிர்காலத்தில் மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில் ஒரு கிளை அலுவலகம் திறந்தார்கள். பொறுப்பாளர் லெப்டினன்ட் தாமஸ் வுட்ரஃப். ஜனவரி 11 இரவு அவர் கையில் மான்டானா வரையிலான அளவீடுகள் இருந்தன. அவர் எழுதிய அறிக்கை முழுத் தவறு என்று சொல்ல முடியாது. டகோட்டாவில் பனி பெய்யும், முதலில் வெப்பம் கூடும், பிறகு மேற்குப் பகுதியில் குளிரும், காற்று வடக்குப் பக்கம் திரும்பும், பனி பலமாக அடித்துக் குவியும் என்ற பொருளில்தான் எழுதினார். திசை சரி. வரிசை சரி. ஆனால் எவ்வளவு வேகம், எவ்வளவு கடுமை என்பது அதில் இல்லை. 'குளிர் அலை' கொடியை ஏற்றச் சொல்லும் உத்தரவு அந்த இரவில் போகவில்லை, மறுநாள்தான் போனது.

அந்தக் கொடி பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளைத் துணி, நடுவில் ஒரு கருப்புச் சதுரம். தந்தி வந்ததும் ஊரில் உயரமான கட்டிடத்தின் மேல் ஏற்றுவார்கள். ரயில் கம்பெனிக்காரர், மாடு அனுப்புகிறவர், கெட்டுப்போகும் சரக்கு ஏற்றுகிறவர் இவர்களெல்லாம் அதைப் பார்த்து நடவடிக்கை எடுப்பார்கள். இந்த எச்சரிக்கையே முக்கியமாக அவர்களை நினைத்து ஏற்படுத்தப்பட்டதுதான். ஊருக்குப் பல மைல் தள்ளி, புல்வெளி நடுவில் ஒற்றை அறையில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஆசிரியைக்கு அந்தக் கொடி எப்படித் தெரியும்? முந்தின இரவே ஏற்றியிருந்தாலும் தெரிந்திருக்காது. தந்தி புயலை விட வேகமானது. மான்டானாவில் அதிகாலையில் நடந்தது பல மணி நேரம் முன்பே நெப்ராஸ்காவுக்குத் தெரிந்திருக்க முடியும். தந்திக் கம்பி முடிகிற இடத்திலிருந்து பள்ளிக்கூட வாசல் வரைக்குமான அந்தச் சில மைல்களில்தான் எல்லாம் கெட்டது. வுட்ரஃபின் கணிப்பில் இருந்த குறையை விட இந்தக் குறை பெரியது என்றே தோன்றுகிறது.

இரண்டே மாதத்தில், மார்ச் 11 முதல் 14 வரை நியூயார்க் பக்கம் வேறொரு பனிப்புயல் அடித்து 400 பேருக்கு மேல் இறந்தார்கள். நகரம் என்பதால் அதற்குத்தான் அதிகப் பேச்சு. '1888 பனிப்புயல்' என்றால் இன்றும் பலருக்கு நியூயார்க்தான் நினைவுக்கு வரும். ராணுவத்திடமிருந்து வானிலை வேலையை எடுத்துவிட வேண்டும் என்ற பேச்சு முன்பே இருந்தது. 1890-இல் சட்டம் வந்து, 1891 ஜூலை 1 முதல் வேளாண்மைத் துறையின் கீழ் வானிலைப் பணியகம் செயல்பட ஆரம்பித்தது.

அத்துடன் பிரச்சினை தீர்ந்ததா? 43 வருடம் கழித்து, 1931 மார்ச் 26. இப்போது இடம் கொலராடோவின் தென்கிழக்கு மூலை, டவுனர் என்ற சிற்றூர். ரேடியோ வந்துவிட்ட காலம். காலையில் பள்ளிக்கு வந்த பிள்ளைகளை, புயல் வருவதைப் பார்த்துப் பேருந்தில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். 20 பிள்ளைகள் இருந்த அந்தப் பேருந்து பாதை தெரியாமல் பனியில் சிக்கி நின்றுவிட்டது. ஓட்டுநர் கார்ல் மில்லர் உதவி தேடி நடந்து போனவர் திரும்பவில்லை. சுமார் 33 மணி நேரம் கழித்துத்தான் பேருந்தைக் கண்டுபிடித்தார்கள். ஐந்து குழந்தைகள் இறந்திருந்தார்கள், அதில் மில்லரின் மகளும் ஒருத்தி. இதிலும் பத்திரிகைகளுக்கு ஒரு வீரன் தேவைப்பட்டான். பிரையன் அன்டீட் என்ற 13 வயதுப் பையனைத் தேர்ந்தெடுத்து எழுதினார்கள், அதிபர் ஹூவர் அவனை வெள்ளை மாளிகைக்கே வரவழைத்தார். அந்தப் பேருந்தில் இருந்த மற்ற பிள்ளைகளுக்கு இது எப்படி இருந்திருக்கும்!

அடுத்தது 1940 நவம்பர் 11. மறுபடியும் அதே இதமான காலை. விடுமுறை நாள் என்பதால் மின்னசோட்டா, விஸ்கான்சின் பக்கம் மிசிசிப்பி ஆற்றுத் தீவுகளுக்கு வாத்து வேட்டைக்குப் போனார்கள், பலர் மெல்லிய சட்டையோடு. பிற்பகலில் குளிர்முகப்பு வந்தது. மொத்தம் சுமார் 150 பேர் இறந்தார்கள். அப்போது மின்னசோட்டாவுக்கு வானிலைக் கணிப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? சிகாகோவிலிருந்து. 1888-இல் செயின்ட் பாலிலேயே இருந்த அந்த அதிகாரம் நடுவில் பறிபோயிருந்தது! சிகாகோ அலுவலகத்தில் இரவு முழுக்க ஆள் வைக்கும் வழக்கமும் இல்லை. இந்தப் புயலுக்குப் பிறகுதான் 24 மணி நேரமும் ஆள் இருக்க வேண்டும் என்றும், உள்ளூர்க் கணிப்பை உள்ளூரிலேயே எழுத வேண்டும் என்றும் மாற்றினார்கள்.

இன்று அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை மலைப்பகுதிகளுக்கும் உயர்சமவெளிகளுக்கும் வெளியிடும் குளிர்கால அபாய முன்னோட்டங்களைப் படித்தால், 1888-இன் அறிக்கையிலிருந்து மாறியிருப்பது கணினியும் செயற்கைக்கோளும் மட்டுமல்ல என்று தெரியும். அதில் அடுத்த ஏழு நாளைக்கு எந்த மாவட்டத்தில் என்ன ஆபத்து வரலாம் என்று வரும். எந்த மலைக்கணவாய் வழியாகப் போகக்கூடாது, எப்போது பார்வை மறையும், கால்நடைக்கு ஆபத்தா என்பது வரை விளக்கம் வரும். 'பனிப்புயல்' என்ற சொல்லுக்கே அளவு வைத்திருக்கிறார்கள்: காற்று மணிக்கு 35 மைல் (சுமார் 56 கிலோமீட்டர்) அல்லது அதற்கு மேல், கால் மைலுக்கும் குறைவான பார்வைத் தூரம், இது குறைந்தது மூன்று மணி நேரம் நீடிக்க வேண்டும். இந்த வரையறையில் வெப்பநிலையும் இல்லை, புதுப் பனி எவ்வளவு பெய்ய வேண்டும் என்ற கணக்கும் இல்லை. வழி தெரியாமல் போவதுதான் கணக்கு. புயல் வருவதற்கு முதல் நாளே பள்ளிகள் விடுமுறை அறிவித்துவிடுவதும் சாதாரணம்.

அப்படியும் 2013 அக்டோபர் தொடக்கத்தில் தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் பக்கம் ஒரு புயல் அடித்தது. முன்கூட்டியே எச்சரிக்கை வந்தது, மனிதர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். ஆனால் மாடுகளுக்கு இன்னும் குளிர்கால ரோமம் வளரவில்லை, கோடைகால மேய்ச்சல் நிலத்திலேயே இருந்தன. முதலில் மழையில் நனைந்து, பிறகு பனியில் சிக்கி, பல ஆயிரம் மாடுகள் மடிந்தன. அதற்கு முந்தின நாட்களில் அங்கே வெயில் நன்றாகவே அடித்திருந்தது.