கொழும்பு றோயல் கல்லூரி



தொப்பூரில் என் வீட்டுத் திண்ணைக்கு மாலை வேளைகளில் பாடங் கேட்க வரும் பிள்ளைகளுள் ஒருவன், சில நாட்களுக்கு முன், "ஐயா, அரசினர் பள்ளியில் படிக்கிறேன் என்று சொல்லக் கூச்சமாயிருக்கிறது" என்றான். நாற்பதாண்டுகளுக்கு அணித்தாய் ஆசிரியப் பணியில் இருந்த எனக்கு அச்சொல் சுருக்கென்று தைத்தது. அவனுக்கு விடையாக அன்று நான் கூறிய வரலாற்றையே இன்று உங்களுக்கும் கூற விரும்புகிறேன். அஃது இலங்கைத் தீவிலுள்ள ஓர் அரசினர் பள்ளியின் வரலாறு.

1982இல் பாராளுமன்றம் கோட்டை நகருக்குச் செல்லும் வரையில் கொழும்பே அத்தீவின் தலைநகரமாய் விளங்கிற்று. அந்நகரத்து றோயல் கல்லூரி, பெயரளவில் கல்லூரியே யன்றி, உண்மையில் ஓர் உயர்தரப் பள்ளிக்கூடம். இலங்கையில் பெரிய பள்ளிகளைக் கல்லூரி என்றழைப்பது வழக்கம்.

இதன் தோற்றம் மிக எளியது. ஜோசப் மார்ஷ் என்னும் பாதிரியார் 1835ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஒரு சில சிறுவரைச் சேர்த்துக்கொண்டு தனியார் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அப்பொழுது இலங்கையின் ஆட்சிமுறையை ஆராய வந்த கோல்புறூக் என்பார், அரசாங்க உத்தியோகங்களில் இலங்கையரையும் அமர்த்தலாம், அதற்கு ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று அறிக்கை எழுதியிருந்தார். ஆகவே 1836இல் தேசாதிபதி ஹோட்டன் மார்ஷ் பாதிரியாரின் பள்ளியை அரசின் பொறுப்பில் ஏற்று, கொழும்பு அக்கடமி என்று பெயரிட்டார். ஆட்சியாளருக்கு எழுத்தர்களும் அதிகாரிகளும் தேவைப்பட்டனர், பள்ளி பிறந்தது. இதில் கருணைக்கு எவ்வளவு பங்கு, கணக்குக்கு எவ்வளவு பங்கு என்பதை நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

சான் செபஸ்தியன் மேட்டில் அப்பள்ளி நெடுங்காலம் நடைபெற்றது. 1881இல் விக்டோரியா மகாராணியாரின் அனுமதியோடு றோயல் கல்லூரி என்னும் பெயர் பெற்றது. அதன் இலச்சினையிலுள்ள இலத்தீன் வாசகத்தின் பொருள் "கற்றுக்கொள், இன்றேல் வெளியேறு" என்பதாம். சற்றுக் கடுமையான சொல்தான். நானாயின் ஒரு பள்ளியின் வாயிலில் அதனைப் பொறித்திருக்க மாட்டேன்.

அக்கடமியாயிருந்த காலத்தில் அங்கே பயின்ற தமிழ்ச் சிறுவர்களுள் இருவர் உடன்பிறந்தோர்: பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும். இராமநாதன் அங்கிருந்து நம் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்து படித்தார். அருணாசலம் உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். 1875இல் போட்டித் தேர்வின் வாயிலாக இலங்கைச் சிவில் சேவையில் புகுந்த முதல் இலங்கையர் ஆனார். ஆயினும் அவர் மனம் அவ்வளவில் நிறைவு கொள்ளவில்லை. தம்மைப்போல் கடல் கடக்க இயலாதவன் என்ன செய்வான் என்று கருதி, இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென 1906 முதல் இயக்கம் நடத்தினார். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. அதற்கு இடம் எங்கே கிடைத்தது? றோயல் கல்லூரி அக்காலத்தில் தேர்ஸ்டன் வீதியில் புதுக் கட்டடம் ஒன்றிற் குடியிருந்தது. பழைய மாணவர் வேண்டி நின்ற உயர்கல்விக்கு அவர் பயின்ற பள்ளியே தன் கட்டடத்தை விட்டுக்கொடுத்தது. 1923இல் பள்ளி, குதிரைப் பந்தயத் திடலை அடுத்துள்ள இன்றைய இடத்திற்குப் பெயர்ந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அருணாசலம் மதுரையில் காலமானார்.

அந்த 1923ஆம் ஆண்டுக் கட்டடமே இன்றும் பள்ளியின் முகமாய் நிற்கிறது. பெரு மண்டபத்துச் சுவர்களில் பரிசும் உபகாரச் சம்பளமும் பெற்றோர் பெயர்கள் பலகைகளில் எழுதப்பெற்றுள்ளன. ஆய்வுகூடங்கள், நூலகம், நவரங்ககல என்னும் நாடக அரங்கு, மாணவர் விடுதி, நீச்சற்குளம், விளையாட்டுத் திடல்கள் யாவும் உள. எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் பயில்கின்றனர். பரி தோமாவின் கல்லூரியோடு ஆண்டுதோறும் ஆடும் கிரிக்கெட் பந்தயம் 1880 முதல் நடந்துவருவது. தொடக்க நாட்களில் சிறுவர்கள் பேரை ஏரியைப் படகிற் கடந்து திடலுக்குச் சென்றனராம். இரண்டாம் உலகப் போரில் இராணுவத்தார் இக்கட்டடத்தை மருத்துவமனையாக்கிக்கொண்டனர். பிள்ளைகள் நகரத்துப் பங்களாக்களில் அமர்ந்து படித்தனர்.

இவற்றையெல்லாம் விட நான் முதன்மையாகக் கருதுவது வேறொன்று. நூறாண்டுக்கு மேல் இஃது அரசினர் பள்ளியாய் இருந்தும் எல்லார்க்கும் உரிய பள்ளியாய் இருக்கவில்லை. கட்டணம் ஒரு கதவு. ஆங்கிலம் மற்றொரு கதவு. 1945இல் கன்னங்கரா அமைச்சராயிருந்தபோது வந்த இலவசக் கல்வித் திட்டம் முதற் கதவைத் திறந்தது. அதற்கு மறு ஆண்டில் கொரெயா என்னும் பழைய மாணவர், அப்பள்ளியின் முதல் இலங்கைத் தலைமையாசிரியராய் அமர்ந்தார். தாய்மொழிக் கல்வி தொடக்க வகுப்புகளிற் புகுந்து, 1950களில் மேல்வகுப்புகளுக்கும் ஏறியபோது இரண்டாம் கதவும் திறந்தது. ஐந்தாம் வகுப்புப் புலமைப் பரிசில் தேர்வில் உயர்ந்த புள்ளிகள் பெறும் ஏழைச் சிறுவன், எந்தச் சிற்றூரினனாயினும், ஆறாம் வகுப்பில் அங்கே இடம்பெறலாம் என்னும் நிலை உண்டாயிற்று.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. ஆங்கிலம் மட்டுமே பயிற்றுமொழியாயிருந்த நாளில், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் ஒரே வாங்கில் அமர்ந்தனர். ஆனால் அந்த வாங்கில் இடம்பெற்றோர் மிகச் சிலர். தாய்மொழி வந்தபின் பலருக்கு இடங் கிடைத்தது. சிங்கள வகுப்பு ஓர் அறையிலும் தமிழ் வகுப்பு மற்றோர் அறையிலுமாய் வாங்குகள் பிரிந்தன. தாய்மொழிக் கல்வியே சிறந்ததென வாழ்நாள் முழுதும் வாதிட்டவன் நான். இன்றும் அதனைக் கைவிட்டேனல்லேன். எனினும் அண்டை அறையில் இருப்பவனோடு பேச மொழியறியாமல் இரு சிறுவர் வளர்ந்து பெரியவராயின் என்னாகும் என்பதை அத்தீவின் பிற்கால வரலாறு நமக்குக் காட்டிற்று.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலவழி வகுப்புகள் விருப்பத்திற்குரியனவாய் அரசினர் பள்ளிகளில் மீண்டும் வந்தன. தமிழ்வழி வகுப்புகளும் றோயல் கல்லூரியில் இன்றளவும் நடைபெறுகின்றன. வகுப்பறை வேறாயினும் திடல் ஒன்றே.

இதைக் கேட்டு முடித்த அந்தப் பிள்ளை, "அந்தப் பள்ளிக்கும் அரசுதான் சம்பளம் கொடுக்கிறதா, ஐயா?" என்றான். ஆம் என்றேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தான்.